90 டாலரில் தொடங்கிய இல்லம்



உங்களிற் பலர் நிதி திரட்டும் பணியில் ஒருமுறையேனும் ஈடுபட்டிருப்பீர்கள். கொடிநாள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு கடைவீதியில் நடந்திருப்பீர்கள். வெள்ள நிவாரணத்திற்காக ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நான் அத்தகைய ரசீதுப் புத்தகங்கள் பலவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவன். பணம் கேட்க நாணும் பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். "ஐயா, இந்தப் பணிக்கு எவ்வளவு வேண்டும்? எவ்வளவு சேர்ந்தால் போதும்?" என்று கேட்ட பிள்ளைகள் மிகச் சிலரே. அக்கேள்வி எத்துணைப் பெரியது என்பதை, அமெரிக்க நாட்டில் வீடற்ற சிறுவர்க்கென எழுந்த ஓர் இல்லத்தின் வரலாற்றைக் கொண்டு இன்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாஹா என்னும் நகரம் உள்ளது. கால்நடைச் சந்தைக்கும் இறைச்சித் தொழிலுக்கும் ஒருகாலத்தில் பெயர் பெற்றிருந்த ஊர். அங்கே எட்வர்டு ஃபிளனகன் என்ற பாதிரியார் வாழ்ந்தார். 1886-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். முதலில் அவர் வேலையற்ற கூலியாட்களுக்கென ஒரு தங்கும் விடுதியை நடத்தினார். இரவு நேரங்களில் அம்மனிதர்களோடு அமர்ந்து பேசியபோது, அவர்களிற் பலர் இளமையிலேயே பெற்றோரை இழந்தோ, வீட்டாராற் கைவிடப்பட்டோ தெருவில் வளர்ந்தவர்கள் என்பது புலப்பட்டது. ஐந்தில் வளையாததை ஐம்பதில் வளைக்கப் பாடுபடுகிறோமே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விடுதியை விட்டுச் சிறுவர்பால் திரும்பினார்.

1917-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், நண்பர் ஒருவரிடம் 90 டாலர் கடன் வாங்கி, ஒரு பழைய வீட்டின் வாடகையைச் செலுத்தி, ஐந்து சிறுவர்களை அதில் குடியேற்றினார். இரண்டு வாரங்களில் கிறிஸ்துமஸ் வந்தது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு வழியில்லை. வணிகர் ஒருவர் ஒரு பீப்பாய் நிறையப் புளிக்கவைத்த முட்டைக்கோசு அனுப்பியிருந்தார். அதுவே அன்றைய விருந்தின் பெரும் பகுதி! இந்த இல்லத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் அந்தப் பீப்பாயை மறப்பதில்லை.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிய 90 டாலர் வாடகைக்குப் போயிற்று. அடுத்த வாடகை? அன்றாட உணவு? சிறுவர் காப்பகம் என்றவுடன் நம் மனக்கண்ணில் ஒரு கட்டடம் எழுகிறது. உண்மையில் கட்டடம் ஒருமுறைச் செலவு. அரிசியும் பருப்பும் நாள்தோறும் வேண்டும். இரவில் விழித்திருக்க ஒரு காவலர் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். காய்ச்சல் கண்ட பையனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக் கூலிகூட எங்கேனும் எழுதப்பட வேண்டும். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர் குழந்தை என்னும் வரம்பைக் கடந்துவிடுகிறார். அதன்பின் 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டம் இடமளிக்கிறது. தொழில் கற்கும் அந்த மூன்றாண்டுகளே மிகக் கடினமானவை. அவற்றுக்குப் பணம் தருவோர் குறைவு.

கட்டடத்திற்குக் கொடுப்பதில் நம்மவர்க்கு ஒரு தனி விருப்பம் உண்டு. கோயில் மண்டபத்துக் குழல்விளக்கைப் பாருங்கள்: "உபயம்" என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், தந்தை பெயர், கடையின் பெயர் எல்லாம் எழுதி முடித்தபின் வெளிச்சம் வருவதற்கு நாலு விரற்கடை இடம் மிஞ்சும்! காவலருடைய சம்பளத்தின்மேல் யார் பெயரை எழுதுவது? பிறந்தநாளன்று இல்லத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கி, அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நான் விரும்புவதில்லை. அந்தப் பிள்ளை நாளை உங்கள் வகுப்பில் உங்கள் அருகில் அமரக்கூடியவன். அப்படத்தை அவன் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பான்?

நிற்க. ஃபிளனகனின் வீடு சில மாதங்களில் நிரம்பி வழிந்தது. முதல் உலகப் போர்க் காலமாதலால், ஒமாஹாவில் ஜெர்மானிய வழியினர் கூடும் மன்றக் கட்டடம் ஒன்று காலியாகக் கிடந்தது. 1918-இல் அங்கே குடிபெயர்ந்தார்கள். எந்த இனத்தவராயினும், எச்சமயத்தவராயினும் சேர்த்துக்கொள்வது அவருடைய கொள்கை. 1921-இல் நகருக்கு மேற்கே ஒரு பண்ணையை வாங்கினார். அதற்கு நிதி திரட்டச் சிறுவர்களே பாட்டும் இசைக்கருவியுமாக வண்டிகளில் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தினர். அக்குழுவில் கறுப்பினச் சிறுவரும் இருந்தமையால், சில ஊர்களில் அவர்களுக்குத் தங்க இடம் மறுத்தார்கள். வீடற்றவர்க்கு வீடு தேடிச் சென்ற பயணத்திலும் இந்நிலை! பின்னர் வானொலி வந்தது. 1920-களின் நடுவிலேயே ஃபிளனகன் வானொலியில் பேசத் தொடங்கி, அதன் வாயிலாக முகமறியாத பல்லாயிரவரின் ஆதரவைப் பெற்றார். 1936-இல் அந்த இல்லம் 'பாய்ஸ் டவுன்', அதாவது சிறுவர் ஊர், என்ற பெயரில் சட்டப்படி ஒரு சிற்றூராகவே ஆகிவிட்டது. சிறுவர்கள் தம்முள் ஒருவனை நகரத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1938-இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் இந்த இல்லத்தைப் பற்றி அதே பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தது. பாதிரியாராக நடித்த ஸ்பென்சர் டிரேசி ஆஸ்கார் பரிசு பெற்றார். படம் பெருவெற்றி. நன்கொடை பெருகியிருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? குறைந்தது! படம் பார்த்தவர்கள், இவ்வளவு புகழ் பெற்ற இல்லத்திற்கு இனிப் பணத்திற்கு என்ன குறை என்று கருதிவிட்டார்கள். இடம் தேடி வரும் சிறுவர்களோ மிகுந்தனர். புகழ் வேறு, நிதி வேறு என்பதை ஃபிளனகன் அந்த ஆண்டுகளில் உணர்ந்திருப்பார்.

திரைப்படத்தின் விளைவு எங்கும் இப்படியே இருந்ததென்று கூறமுடியாது. 1988-இல் மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' வெளிவந்தது. பம்பாய்த் தெருச் சிறுவர்கள் பலர் அதில் நடித்தனர். அப்படத்தின் வருவாயைக் கொண்டே அதே ஆண்டில் 'சலாம் பாலக்' அறக்கட்டளை நிறுவப்பட்டது. டில்லியில் புதுதில்லி ரயில் நிலையத்தைச் சுற்றித் திரிந்த சிறுவர்களிடையே அது பணியைத் தொடங்கியது. பின்னாளில், அங்கே வளர்ந்த இளைஞர்கள் பஹாட்கஞ்ச் தெருக்களில் வெளியூர்ப் பயணிகளை நடத்தி அழைத்துச் சென்று, தாம் அறிந்த நகரத்தைத் தம் வாய்மொழியால் காட்டலானார்கள். அதற்குப் பெறும் கட்டணம் இல்லத்தின் பணிக்குப் பயன்படுகிறது. பையன் அங்கே கைநீட்டி நிற்பவன் அல்லன், வழிகாட்டி. இம்முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

மீண்டும் ஒமாஹாவுக்கு வருவோம். 1948-இல் ஃபிளனகன் காலமானார். அதற்குமுன்பே அஞ்சல் வழியாக நன்கொடை வேண்டும் முறை நன்கு வேரூன்றியிருந்தது. அவருக்குப் பின் அது பெருகிற்று. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, வீடற்ற பையன்களின் நிலையை உருக்கமாகச் சொல்லும் மடல்கள் அமெரிக்காவின் வீடுகளுக்கெல்லாம் சென்றன. மக்கள் கொடுத்தார்கள். செலவு போக மீந்தது சேர்ந்தது, சேர்ந்தது வட்டி ஈன்றது, மடல்கள் நிற்கவில்லை.

1972-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஒமாஹாவிலிருந்து வெளிவந்த 'சன்' என்னும் சிறிய வார இதழ்க் குழுமம் ஒரு செய்தித் தொகுப்பை வெளியிட்டது. அவ்விதழ்களின் உரிமையாளர், பின்னாளில் பெருஞ்செல்வராக உலகறிந்த வாரன் பஃபெட். 1969-இல் திருத்தப்பட்ட வரிச் சட்டத்தின்கீழ் அறநிலையங்கள் அரசுக்கு அளிக்கும் கணக்குப் படிவத்தைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். செய்தியாளர்கள் அப்படிவத்தைப் பெற்றார்கள். ஆண்டுக்கு எத்தனை மடல்கள் போகின்றன என்பதையும் விசாரித்தார்கள். மூன்று கோடிக்கு மேல்! இல்லத்தில் இருந்த சிறுவர் எழுநூறு பேருக்கும் குறைவு. இல்லத்தின் சொத்து மதிப்போ ஏறத்தாழ 19 கோடி டாலர். ஆண்டு வரவு செலவைவிட வெகுவாக மிகுந்திருந்தது.

யாரேனும் திருடினார்களா என்றால், இல்லை. அச்செய்தி எவர்மீதும் அக்குற்றத்தைச் சாட்டவில்லை. பணம் பத்திரமாக இருந்தது. அதுதான் வியப்பு! தான் உண்பதைச் சிறிது குறைத்து ஒரு டாலர் அனுப்பிய மூதாட்டி, அது ஒரு பையனின் தட்டில் சோறாகும் என நம்பி அனுப்பினார். அது முதலீட்டில் சென்று அமர்ந்தது. ஒவ்வொரு நன்கொடைக்கும் ஓர் இல்லம்தான் கைநீட்டுகிறது என்றில்லை. அதே அஞ்சலில் மடல் அச்சிடவும் வசதியற்ற வேறு சிற்றில்லங்களும் இருந்திருக்கும். அவற்றுக்குப் போயிருக்கக்கூடிய டாலர் அது.

அந்தச் செய்தித் தொகுப்புக்கு 1973-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இல்லமோ கதவை அடைத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. சிறிது காலம் நன்கொடை வேண்டுதலை நிறுத்திற்று. பெரிய விடுதிக் கூடங்களுக்கு மாறாக, ஒரு தம்பதியின் பொறுப்பில் சில பிள்ளைகள் ஒரே வீட்டில் வாழும் குடும்ப முறையைக் கொண்டுவந்தது. செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த குழந்தைகளுக்கென மருத்துவ நிலையம் எழுந்தது. 1979-இல் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்றும் அது இயங்குகிறது. இன்றும் நன்கொடை கேட்கிறது. 1972-இல் செய்தியாளர்கள் முயன்று பெற்ற அதே வகைக் கணக்குப் படிவத்தை, இப்போது உங்கள் கல்லூரி நூலகத்துக் கணினியில் அமர்ந்து நீங்களே பார்க்கலாம்.