செஞ்சி: கோட்டையும் குடிகளும்



செஞ்சி என்றதும் தேசிங்கு ராசனின் குதிரையே பலர் நினைவுக்கு வரும். 22 வயது அளவில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் மாண்ட இளைஞன் நாட்டுப்பாடலில் நிலைத்துவிட்டான். எனினும், செஞ்சியின் கதையில் அவன் ஆட்சி ஓராண்டைக்கூட எட்டவில்லை. அம்மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்த குடிகளைப் பற்றிய பாடல் குறைவு.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. விசயநகரத்தின் கீழ் நாயக்கர் ஆண்ட காலத்தில் அதனடியில் பெருநகர் ஒன்று பரந்திருந்தது. 1597இல் அங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்நகரினும் இது பெரிதென எழுதிவைத்தார். விருந்தினரின் வியப்பு சற்று மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் சிற்றூரைக் கண்டு எவரும் அவ்வாறு எழுதார்.

பின்னர் அது எவர்க்கும் எல்லைக் கோட்டையாயிற்று. பீசப்பூர்ச் சுல்தானுக்கு அது தென்கோடிக் காவல். 1677இல் சிவாசியின் கைக்கு வந்தபின், மராட்டியர்க்குத் தாயகத்தினின்று தொலைவிலிருந்த புகலிடம். அவர் மகன் இராசாராம் 1689இல் அங்குத் தஞ்சம் புகுந்தார். மொகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் கோட்டையைக் கைப்பற்றியது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். எல்லைகள் மறைந்தபின் எல்லைக் கோட்டைக்கு வேலையில்லை. படை போயிற்று, படையை நம்பியிருந்த கடைத்தெருவும் போயிற்று. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சிலவும் புதுச்சேரிக் கடற்கரைக்குப் பெயர்ந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள் தொகை ஏறத்தாழ 27 ஆயிரம்.

கோட்டைக்கு முன்பே அங்கு அறவோர் இருந்தனர். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசையாக அமர்ந்துள்ளனர். அதே குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. ‘ஐ’ என்னும் எழுத்தின் மிகத் தொன்மையான கல்வெட்டு வடிவங்களுள் ஒன்று அதில் காணப்படுவதால், எழுத்தியல் அறிஞர்களும் அக்குன்றை நாடி வருவர். கோட்டைக் கோபுரங்களைக் காண வருவோருள் அங்கு ஏறுவோர் சிலரே.

இக்குடிகளுக்கு நேர்ந்த பெருந்துயரை 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி செவிவழி மரபாகப் பதிந்துள்ளது. 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் சமணர் குலத்தில் பெண் கேட்டான். அவர்கள் இணங்காமல் அவனை ஏமாற்றினர். சினந்தவன் சமணரை வெட்டிக் கொல்ல ஆணையிட்டான் என்பது அது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது 16ஆம் நூற்றாண்டில் ஆதலின், ஆண்டும் மன்னன் பெயரும் ஆய்வுக்குரியன. ஆனால் அச்சத்தின் தடத்தைத் தள்ளிவிட இயலாது. பலர் ஊரை விட்டு ஓடினர். சிலர் மறைவில் நெறி காத்தனர். சிலர் பூணூலைக் களைந்து நெற்றியில் நீறு பூசிக்கொண்டனர். அவர் வழியினர்க்கு ‘நீறுபூசி வேளாளர்’ என்னும் பெயரே நிலைத்தது. உயிருக்கு அஞ்சி நெறி மாறியவரைக் கோழையர் எனல் எளிது. வாள் கழுத்தருகே இருந்தபோது குழந்தைகளைக் காத்தவர் அவர்களே என்பதையும் எண்ண வேண்டும்.

மறைவாக நெறி காத்தவருள் ஒருவர் வேலூர்க் குளத்தில் சமண முறைப்படி நீராடுகையில் காவலரிடம் சிக்கினார். இவ்வூர் திண்டிவனத்தை அடுத்தது; கோட்டை வேலூர் அன்று. அன்று மன்னனுக்கு மகவு பிறந்திருந்ததால் அவரை விடுவித்தனர். அவரே சிரவணபெளகொளா சென்று கற்று, வீரசேனாசாரியர் எனத் துறவு பூண்டார். உடையார்பாளையம் தலைவரிடம் அடைக்கலமும் நிலமும் பெற்ற கங்கையா உடையார் என்பவர் அவரை அழைத்து வந்தார். இருவரும் செஞ்சி நாட்டில் ஊர் ஊராக நடந்து, பிரிந்தவரை மீண்டும் அழைத்தனர். பலர் திரும்பினர், திரும்பாதோரும் உண்டு. வீரசேனர் வேலூரிலேயே மறைந்தார் என்பர்.

2011இல் தமிழகத்தில் தம்மைச் சமணர் எனப் பதிந்தோர் ஏறத்தாழ 89 ஆயிரம். வடபுலத்திலிருந்து வந்த வணிகக் குடிகளும் அத்தொகையில் அடங்குவர். நயினார் குடிகள் எத்தனை பேர் என்பதை அக்கணக்கு பிரித்துக் காட்டவில்லை. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் அவர்கள் உழுது வாழ்கின்றனர். மேல்சித்தாமூர்ச் சினகாஞ்சி மடம் அவர்க்குத் தலைமையிடம். அவ்விவரச்சுவடி எழுதப்பட்ட நாளில் கங்கையா உடையாரின் வழியினர் தாயனூரில் இருந்தனர். விழா நாள்களில் முதல் தாம்பூலம் அவர்க்கே வழங்கப்பட்டது. சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுக்கையில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பும் இருந்தது.