வைரம் அறிந்த கைகள்

வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்கிறது தொல்காப்பிய மரபியல். அதே இயல்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண் மாந்தர் என்று மனிதரையும் வகுக்கிறது. வகுத்தவருக்குப் பெயர் உண்டு; வைரத்தைத் தொட்டறிந்தவருக்கு இல்லை.

மரம் அறுப்பது வெறும் உடல்பலம் அல்ல, கல்வி. கரி தோய்த்த நூலைத் தட்டிக் கோடு போட வேண்டும். வெளிறைச் செதுக்கிச் சதுரமாக்க வேண்டும். பிறகு குழிமேல் ஏற்றி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாள் இழுக்க வேண்டும். மேலே நிற்பவர் கோடு பார்ப்பார். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் விழும். கீழாள் கை ஓய்ந்தால் வாளும் ஓயும்.

அறுவை மில் வந்தது, குழிகள் தூர்ந்தன. ஆனாலும் வெளிறு எது, வைரம் எது, கணு எங்கே என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

உத்தரத்தைப் புகழ்கிறோம். அறுத்தவர் அந்த வாசலைத் தாண்ட முடிந்ததா? நம் இலக்கியம் அதைக் கேட்கட்டும்.