நாய்க்கு இடும் ஊசி, ஊருக்கு ஆகும் காப்பு

(பாகாலாவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகள் இங்கே கூடுகின்றன. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. பயணிகள் போடும் உணவை நம்பி நடைமேடையில் வாழும் நாய்கள், வீட்டு வாசலில் காவல் இருக்கும் நாய்கள், அடுப்பங்கரையில் சுருண்டு படுக்கும் பூனைகள் யாவும் இவ்வூரின் வாழ்வில் பங்கு கொண்டவை. அவற்றின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அது நாய் வளர்ப்போரின் சொந்த விவகாரம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று, அது பொதுச் சுகாதாரப் பணியாகும் என்பதே நான் சொல்ல வந்த கருத்து.

குன்னூர் தந்த பாடம்

1885 ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். ஆயினும் அம்மருந்து நம் நாட்டு மக்களுக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1900இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் நாட்டின் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தென்னாட்டவருக்கு அது எட்டாத தொலைவு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநோயால் இறந்தார். அருகில் சிகிச்சை நிலையம் இல்லாத குறையை அந்த மரணம் உணர்த்தியது. அதனைத் தொடர்ந்து 1907இல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் செயல்படத் தொடங்கியது.

இங்குள்ள முதியோர் சிலருக்கு வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் நினைவிருக்கலாம். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்த மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004இல் நிறுத்தப்பட்டது. இன்று உயிரணு வளர்ப்பு முறையில் தயாராகும் பாதுகாப்பான மருந்து, புயத்தில் சில தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. ஆக, மருந்து இருக்கிறது, மருத்துவமனையும் இருக்கிறது. இருந்தும் மரணங்கள் நின்றபாடில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23இல் மேற்கொண்ட நாடு தழுவிய ஆய்வின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 91 இலட்சம் பேர் விலங்குகளால் கடிபடுகின்றனர். இவற்றுள் நான்கில் மூன்று பங்கு நாய்க்கடி. வெறிநோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் உயிரிழப்பதாகவும், கடிபட்டோருள் ஐந்தில் ஒருவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவே இல்லை என்றும் அவ்வாய்வு மதிப்பிடுகிறது.

நோய் செல்லும் வழி

வெறிநோய்க் கிருமி நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கிறது. கடித்த இடத்தில் புகுந்து, நரம்பு வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடைகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். சில வேளைகளில் ஒரு வாரத்திலும் அடையலாம். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மூளையை அடைந்து அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே கிருமி மூளையை எட்டுவதற்கு முன்னுள்ள காலமே நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதையும் அப்பக் கூடாது. மந்திரிப்பதில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசியின் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். இரத்தம் கசியும் காயமாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படும். “நம் வீட்டு நாய்க்குட்டிதானே, பூனை நகம் பட்டதுதானே” என்று அலட்சியம் செய்வதே பல வீடுகளில் துயரத்தில் முடிகிறது. குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் வெறிநோய் வரும்.

ஆனால் மனிதருக்குப் போடும் ஊசி அந்த ஒருவரை மட்டுமே காக்கும். கடித்த நாயிடமிருந்து அடுத்த நாய்க்கும், அதனிடமிருந்து மற்றொரு குழந்தைக்கும் செல்லும் சங்கிலியை அது அறுப்பதில்லை. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களால் பரவுவது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆகவே நாய்க்கு இடும் ஊசியே ஊருக்குக் காப்பாகிறது.

நூற்றுக்கு எழுபது

ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியின்றி அடங்கிவிடும். ஆனால் இந்த எழுபது, வளர்ப்பு நாய்கள் மட்டும் அன்று. தெரு நாய்களும் அடங்கிய கணக்கு. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போடும் ஊசியால் இப்பயன் கிட்டாது. குறுகிய நாட்களில் தெருத் தெருவாகப் போட்டு முடித்து, ஆண்டுதோறும் அதனைத் திரும்பச் செய்ய வேண்டும். தெரு நாயின் ஆயுள் குறுகியது. ஆண்டுதோறும் புதிய குட்டிகள் பிறக்கின்றன. இவ்வாண்டு எழுபதை எட்டிய ஊர், அடுத்த ஆண்டு வாளாவிருந்தால் அந்த அளவிலிருந்து வெகுவாக இறங்கிவிடும்.

நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. சென்னை மாநகரம் நெடுங்காலம் அதைத்தான் செய்தது. நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. காலியான தெருவுக்கு, ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேர்ந்தன. புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதை விடுத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டும் என வலியுறுத்தி வந்தது. 1990களின் நடுவில் சென்னையில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. 2001இல் மத்திய அரசும் அதனை விதியாக்கியது. 2023இல் புதிய விதிகள் வெளியாயின.

கோவா மாநிலத்தில் 2014இல் தொடங்கிய பெருந்திரள் தடுப்பூசித் திட்டம் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. வலை கொண்டு தெரு நாய்களைப் பிடித்து, ஊசி போட்டு, அடையாள வண்ணம் இட்டு, அதே இடத்தில் விட்டனர். பள்ளிகள்தோறும் குழந்தைகளுக்கு நாய்க்கடி பற்றிக் கற்பித்தனர். 2021இல் கோவா, வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மெக்சிகோ நாடு இதே வழியில் நாய்வழி மனித வெறிநோயை ஒழித்ததை 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. நம் நாடும் 2030க்குள் இம்மரணங்களை ஒழிக்கத் தேசியச் செயல் திட்டத்தை 2021இல் வெளியிட்டுள்ளது.

விலங்கின் நலமும் நம் நலமே

நாய் பூனைகளை வாட்டும் நோய் வெறிநோய் ஒன்று மட்டும் அன்று. 1978இல் உலகெங்கும் புதிதாகப் பரவத் தொடங்கிய பார்வோ நோய், இரத்தக் கழிச்சலால் குட்டிகளைச் சில நாட்களில் மாய்த்துவிடுகிறது. அக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். டிஸ்டெம்பர் எனும் நோய் நுரையீரலையும் நரம்பையும் தாக்கும். எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதரையும் தாக்கக்கூடியது. பூனைகளுக்குப் பான்லூக்கோபீனியா என்ற கொடிய நோய் உண்டு. இவை அனைத்துக்கும் தடுப்பூசி உள்ளது, பூனைகளுக்கான லெப்டோஸ்பைரோசிஸ் ஊசி நீங்கலாக.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். ஒரே ஊசி ஏன் போதாது எனில், சீம்பாலில் கிடைத்த தாயின் எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் பயனை மறைத்துவிடலாம். அது எப்போது முழுவதும் குறையும் என்று கணித்துச் சொல்ல இயலாது. வெறிநோய் ஊசியை மூன்று மாத வயதில் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த புட்டியிலுள்ள மருந்தைப் போடுவது, போடாமல் இருப்பதைவிடத் தீங்கானது. காப்பு இருப்பதாக நம்மை ஏமாற்றும்.

நாம் செய்ய வேண்டுவன

அலுவலர்களே! கால்நடைத் துறை, ஊராட்சி, சுகாதாரத் துறை, ரயில் நிலையம் ஆகியவை தனித்தனியே இயங்கினால் நடைமேடை நாய் எவர் கணக்கிலும் வராது. முதலில் நாய்களை எண்ணுங்கள். பிறகு ஒரே வாரத்தில் ஊசி போட்டு முடியுங்கள். 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் திருப்பதி அருகிலேயே இருக்கிறது. அதன் துணையை நாடலாம்.

மாணவர்களே! உங்கள் தெருவில் எத்தனை நாய்கள், எவற்றுக்கு ஊசி போடப்பட்டுள்ளது என்று ஒரு பேரேடு எழுதுங்கள். அவற்றை அறிந்தவர்கள் நீங்களே. உங்கள் கைக்குத்தான் அவை அஞ்சாமல் வரும். கடிபட்ட சிறுவர் ஏச்சுக்கு அஞ்சி வீட்டில் மறைப்பதுண்டு. அப்படி ஒருவரைக் கண்டால் அன்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோயை நம் முன்னோர் ஒழிக்க முடியாத விதி என்றே எண்ணினர். ஊர் ஊராக, மாட்டுக்கு மாடு ஊசி போட்டு அந்நோயை ஒழித்தோம். 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. அதைச் செய்து காட்டிய நாட்டுக்கு வெறிநோயை வெல்வது இயலாத செயல் அன்று. அந்தப் பணியை நம் ஊர் நடைமேடையிலிருந்தே தொடங்குவோம்.