பிளஸ் டூவுக்கு முன்னால்



இந்தப் பட்டமளிப்பு விழாவில் இளைஞர் வேலைவாய்ப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கண்ணகி நகரைப் பற்றிப் பேசுகிறேன்.

கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடும்பங்களை 2000 வாக்கில் சென்னையின் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. கூப்பிடு தூரத்தில் ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர்கள் பலர். ஆனால் பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி.

இளைஞர்களுக்கான அரசுத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது. அதே ஆண்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் வந்தது. நல்ல திட்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் பள்ளியைத் தாண்டி மேற்படிப்புக்குப் போகிறவளுக்குத்தான். கல்வி உரிமைச் சட்டமோ 14 வயதோடு கையை விடுகிறது. அதற்கு மேல், ஆபத்தில்லாத வேலை என்றால் பிள்ளையை வேலைக்கே அனுப்பலாம் என்கிறது இன்னொரு சட்டம். ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பையன் கேட்டரிங்குக்குப் போய்த் தட்டு எடுப்பது இந்த இடைவெளியில்தான்.

ஏன் நிற்கிறான்? படிப்பு ஏறவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வேறு காரணமும் உண்டு. தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணி முத்து நகர் வீடுகளை 2019 டிசம்பர் கடைசியில் இடித்து, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் பழைய இடத்தில், அப்பாவின் வேலையும் பழைய இடத்தில், வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். கல்வியாண்டு முடியும்வரை வீட்டை இடிக்காமல் இருப்பதும் என் கணக்கில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டம்தான். அதற்குப் பயிற்சி மையமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

பட்டம் பெறும் உங்களில் சிலர் நாளை ஆள் எடுக்கும் மேஜையில் உட்காருவீர்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, சித்தி வீட்டு முகவரியை பயோடேட்டாவில் போடுகிற பிள்ளைகள் உண்டு. துணிந்து சொந்த முகவரி எழுதியவன் உங்கள் முன்னால் வந்தால், அந்த முகவரியைப் பற்றி ஒன்று மட்டும் கேளுங்கள்: நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக பஸ் இருக்கிறதா? இல்லை என்றால், கம்பெனி வண்டி அந்தப் பக்கமும் ஒரு சுற்று போய்வரட்டும்.