எல்லையோர வகுப்பறையில் அரசியல் சட்டம்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இரயில் பாதை தமிழ்நாட்டை விட்டு ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்துள் நுழைகிறது. குப்பம், குடுபல்லி நிலையங்களைக் கடந்து, பங்காருபேட்டைக்கு முன்பாகவே கர்நாடகத்தை அடைந்துவிடுகிறது. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் பயணி ஒருவர் மூன்று மாநில அரசுகளின் ஆட்சிப் பரப்பைக் கடக்கிறார். எவரும் அவரை நிறுத்தி அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. ஆயினும், அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டும்போது அவருடைய உரிமைகளுள் சில மாறுகின்றன, பல மாறுவதில்லை. எவை மாறுகின்றன, எவை மாறுவதில்லை என்று மாணவன் அறிந்துகொண்டால், கூட்டாட்சியின் பெரும் பகுதியை அவன் அறிந்துகொண்டவனாவான்.

நம் பள்ளிகளில் குடிமையியல் பாடம் இவ்வாறு தொடங்குவதில்லை. 'கூட்டாட்சியின் இயல்புகள் யாவை?' என்பது வினா. ஐந்து இயல்புகளை வரிசையாக எழுதுவது விடை. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆனால் தன் ஊர்ச் சாலை பழுதானால் எந்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும் என்று அதே மாணவனைக் கேட்டால் திகைக்கிறான்.

குடுபல்லி நிலையமே ஒரு பாடநூல் ஆகலாம். இருப்புப் பாதை ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. ஆனால் போலீசும், அதனுள் அடங்கிய இரயில்வே போலீசும், மாநிலப் பட்டியலில் உள்ளன. நிலையத்தில் திருட்டு நடந்தால் வழக்கைப் பதிவு செய்பவர் மாநில அரசின் காவலர். இரயில்வேயின் உடைமைகளைக் காப்பது மத்திய அரசின் பாதுகாப்புப் படை. வெளியே வந்தால் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் ஊராட்சியின் பொறுப்பு. 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் அளித்தது. எனினும் எந்தெந்த அதிகாரங்களை அதற்கு ஒப்படைப்பது என்பதை மாநில சட்டமன்றமே முடிவு செய்கிறது. பள்ளிக்கூடமோ 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலுக்கு உரியது. மத்திய அரசு, மாநில அரசு ஆகிய இரண்டுமே அதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம். 'அப்படியானால் எங்கள் பள்ளிக்குக் கட்டடம் இல்லாததற்கு யார் பொறுப்பு?' என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளலாகாது. கூட்டாட்சியைப் பற்றிய மிகக் கடினமான வினா அதுதான்.

அடுத்துச் சொல்ல வேண்டியது எல்லைக் கோட்டின் வரலாறு. சித்தூர் மாவட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவாயிற்று. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுள் சென்றது. தமிழர் மிகுந்த பகுதிகளைத் திரும்பக் கோரி ம. பொ. சிவஞானம் முதலானோர் கிளர்ச்சி நடத்தினர். பின்னர் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்மீது நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் மாறின. ஓர் ஊர் முழுவதும் இடம் பெயராமலே மாநிலம் மாறியது என்பதை மாணவர்க்கு நிலப்படத்தில் காட்டலாம்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அதே சத்தியவேடு, 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அந்தப் பிரிவினையை மாநில அரசு தானே செய்துகொண்டது. மாநில எல்லையையோ மூன்றாம் விதியின்படி நாடாளுமன்றமே மாற்ற முடியும். மாநில சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும். ஆனால் அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2014 தொடக்கத்தில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அவ்வாண்டு ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா பிறந்தது. இதைச் சரியென்றோ தவறென்றோ வகுப்பறையில் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கோடு மாறினாலும் ஆறு மாறுவதில்லை. பாலாறு கர்நாடகத்தில் சுமார் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது. 1892-இல் சென்னையும் மைசூரும் உடன்படிக்கை செய்துகொண்ட காலத்தில் குப்பம் பகுதி சென்னை மாகாணத்திலேயே இருந்தது. அதே பகுதியில் ஆந்திர அரசு அணை கட்ட முற்பட்டபோது தமிழக அரசு 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இரண்டு அரசுகள் படையைத் திரட்டாமல் வழக்கறிஞரைத் திரட்டுகின்றன என்பதைச் சிறுவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

இனி, தனிமனிதனிடம் வருவோம். தமிழ் பேசும் ஒரு குடும்பம் தமிழ்நாட்டில் பெரும்பான்மை. இரயிலில் குடுபல்லிக்கு வந்து குடியேறினால் சிறுபான்மை. தெலுங்குக் குடும்பத்துக்கு இது தலைகீழாகும். மொழிச் சிறுபான்மையை மாநிலத்தை அளவாகக் கொண்டே கணிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அடங்கிய ஆயம் 2002-இல் கூறியது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி வழியே கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது, 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ விதி. 'முயல வேண்டும்' என்னும் சொல்லை மாணவர் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். 'வழங்க வேண்டும்' என்று அது சொல்லவில்லை. தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கியபோது, அங்குள்ள தெலுங்கு, உருது முதலிய மொழிப் பள்ளிகள் விலக்குக் கோரி நீதிமன்றம் சென்றன. கர்நாடகம் தாய்மொழிவழிக் கல்வியை வற்புறுத்தியபோது, ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்று தீர்மானிப்பவர் பெற்றோரே, அரசு அன்று என உச்ச நீதிமன்றம் 2014-இல் முடிவு செய்தது.

இவற்றினும் கடுமையானது சாதிச் சான்றிதழ் பற்றிய கேள்வி. குப்பம் வட்டாரத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் பெங்களூர் செல்லும் இளைஞர் பலர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் 341, 342 விதிகளின்படி மாநிலந்தோறும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலைச் சேர்ந்த ஒரு மாணவர் மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரி இடம் கோரியபோது, பிற மாநிலத்தில் அச்சலுகை தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் கூறியது. ஒரு சமூகத்தின் பின்தங்கிய நிலை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதே அதற்குக் காரணம். 2018-இல் ஐந்து நீதிபதிகள் ஆயமும் அக்கருத்தையே ஏற்றது. குடியுரிமை ஒன்றே, எங்கும் சென்று வாழும் உரிமையும் அவனுக்கு உண்டு. மத்திய அரசுப் பணிக்கு அவனுடைய சான்றிதழ் செல்லும். நாற்பது நிமிடப் பயணத் தொலைவிலுள்ள அண்டை மாநில அரசுப் பணியில் செல்லாது. இதை அவன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட நாளில் அலுவலக எழுத்தர் வாயிலாக அறிவதைவிட, பத்தாம் வகுப்பில் ஆசிரியர் வாயிலாக அறிவது நன்று.