கார்க் கொட்டகைக்கு ஏற்ற தளம்



ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் குடும்பத்தார் எத்தனையோ முடிவுகளைச் செய்தாக வேண்டும். கூடத்திற்கு எந்தக் கல், பூஜை அறைக்கு எந்தப் பக்கம் வாயில், சமையலறை மேடை எவ்வளவு உயரம் என்றெல்லாம் வாரக் கணக்கில் விவாதம் நடக்கும். கார் நிறுத்தும் கொட்டகையின் முறை வரும்போது கையிருப்பும் குறைந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். "மிச்சமிருக்கும் கல்லைப் போட்டு முடியுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடுகிறோம்.

ஆனால், வீட்டின் தளங்களுள் மிக அதிகமான பாரத்தைச் சுமப்பது அதுதான். மழைநீர், சேறு, எண்ணெய், சூடேறிய சக்கரம் ஆகிய நான்கையும் ஒருங்கே தாங்குவதும் அதுதான். மேலும், டில்லியில் தூண்களின் மீது எழுப்பிய மாடி வீடுகள் பலவற்றில் கார் நிற்கும் இடமே வீட்டினுள் செல்லும் வழியாகவும் இருக்கிறது. காலையில் பால் வாங்க இறங்கும் பாட்டியும், பள்ளிக்கூடத்திற்கு ஓடும் குழந்தையும் அதன் மீதுதான் நடக்கிறார்கள். ஆகவே, அத்தளம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. நனைந்தாலும் வழுக்காததாக இருக்க வேண்டும். கார் ஒன்றைப் பழுது பார்த்துவிடலாம். எழுபது வயதில் முறிந்த இடுப்பெலும்பை அவ்வாறு எளிதில் சரிசெய்ய இயலாது.

தமிழில் தரை என்றும் தளம் என்றும் இரு சொற்கள் உள்ளன. பேச்சில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வழங்குகிறோம். எனினும் இயற்கையாக அமைந்த நிலத்தைத் தரை என்றும், அதன்மேல் மனிதன் பரப்பியதைத் தளம் என்றும் கொள்வது பொருத்தம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய வேறுபாடுகளில் ஈடுபாடு உண்டு. இங்கே அந்த வேறுபாடு பணத்தையும் மிச்சப்படுத்துகிறது. கடைக்காரர் காட்டுவதெல்லாம் தளம். நாம் முதலில் கவனிக்க வேண்டியது தரை.

சிறிய கார் ஒன்றின் எடை ஏறத்தாழ 900 கிலோ. பெரிய கார்கள் 1,500 கிலோவையும் தாண்டும். மின்சாரத்தால் ஓடும் கார்களோ, மின்கலத்தின் எடையால், அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை. இந்தப் பாரம் முழுவதும் நான்கு சக்கரங்களின் அடியில் ஏறக்குறைய உள்ளங்கையளவான நான்கு இடங்களில் இறங்குகிறது. நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்பினால் அவ்விடம் அரைபடவும் செய்கிறது. அடியில் மண் இளகியிருந்தால் மேலே பதித்தது பளிங்கேயானாலும் பிளந்துவிடும்.

ஆதலால், நிரப்பிய மண்ணை அரையடிக்கு ஒரு முறை நீர் தெளித்துத் திமிசு அடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி பரப்பி, ஈரம் மேலேறாமல் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்து, அதற்கு மேல் 4 அங்குலக் கனத்திற்குக் குறையாமல் கான்கிரீட் இடலாம். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது நல்ல கலவை. போட்டபின் குறைந்தது 7 நாளும், டில்லியின் வறண்ட கோடையில் 10 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானால் இன்னும் சில நாளும் நனைந்தபடியே வைத்திருக்க வேண்டும். இந்த நீருக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

அடுத்தது வாட்டம். 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கிலாவது தளம் சாய்ந்திருக்க வேண்டும். 18 அடி நீளமுள்ள கொட்டகையில் இது 2 அங்குலத்திற்குச் சற்று அதிகம். சாய்வு வடிகாலை நோக்கியிருக்க வேண்டுமேயன்றி வீட்டுச் சுவரை நோக்கியிருக்கலாகாது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலம் கழித்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

இனித் தளத்திற்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது, கான்கிரீட்டையே மேற்பரப்பாக விட்டு, ஈரம் காயுமுன் துடைப்பத்தால் வரியிடுவது. செலவு குறைவு, பிடிப்பு அதிகம். எண்ணெய்க் கறை படிவதும், நாளடைவில் புழுதி எழுவதும் இதன் குறைகள்.

இரண்டாவது கல். ராஜஸ்தானத்துக் கோட்டா, கருநாடகத்து ஷாஹாபாத், தெலங்கானாவின் தாண்டூர், ஆந்திரத்துக் கடப்பை ஆகிய நான்கும் சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தவை. உங்கள் ஊருக்கு எது அருகிலுள்ளதோ அதை வாங்கினால் வண்டிச் சத்தம் மிச்சமாகும். மெருகேற்றாத, சொரசொரப்பான முகமுள்ள கல்லையே கேளுங்கள். சுண்ணாம்புக் கல்லுக்கு அமிலம் பகை என்பதையும் மறவாதீர்கள். பழைய மின்கலத்திலிருந்து சொட்டும் அமிலமும், கழிவறை கழுவும் அமிலமும் அதை அரித்துவிடும். அந்த அபாயம் உள்ள இடத்திற்குச் சொரசொரப்பாக்கிய கிரானைட் பொருந்தும்.

மூன்றாவது ஓடு. வரவேற்பறைக்குரிய வழவழப்பான ஓட்டை இங்கே பதிப்பது தவறு. கார் நிறுத்துவதற்கென்றே செய்த, கோடும் கட்டமும் உள்ள கனமான ஓடுகள் கிடைக்கின்றன. இவற்றின் ஆயுள் பதிப்பவர் கையில் இருக்கிறது. ஓட்டின் அடியில் கலவை முழுமையாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால், சக்கரம் ஏறியதும் அவ்விடம் விரிசல் காணும். வேலை முடிந்தபின் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பாருங்கள். வெறுங்குடத்தின் ஓசை கேட்டால் பெயர்த்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கான்கிரீட் கட்டிகள். காருக்கு 60 மில்லிமீட்டர் கனம் வேண்டும். நாகபுரி, இந்தூர், போபால் போன்ற கரிசல் பூமியில் வாழும் அன்பர்களுக்கு இதையே முதலில் சொல்வேன். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். ஒரே பாளமாக இட்ட தளம் அந்த அசைவைத் தாங்காது. கட்டிகளோ ஓரிடம் தாழ்ந்தால் அங்கே மட்டும் எடுத்து, மணலைச் சமன் செய்து, அதே கட்டிகளைத் திரும்ப அடுக்க இடம் தருகின்றன.

ஐந்தாவது, இப்போது பலரும் விரும்பும் எபாக்ஸி என்னும் பூச்சு. பார்வைக்கு அழகு, எண்ணெயைத் துடைத்துவிடலாம். ஆனால் அடியில் ஈரமிருந்தால் உரிந்து வரும். நெடுந்தூரம் ஓடிவந்த சூடான சக்கரம் மெலிந்த பூச்சைப் பெயர்த்தெடுப்பதும் உண்டு. வெயில் பட்டால் மஞ்சள் பாரிக்கும். இதைப் பூச நினைப்பவர்கள் ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின் மீது நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பார்க்கட்டும். தாளின் அடியில் நீர் முத்துக்கள் தோன்றினாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, பூச்சைப் பற்றிய எண்ணத்தை ஒத்திவைப்பதே நலம். புதிய கான்கிரீட்டாயின் 28 நாளேனும் சென்ற பிறகே பூச வேண்டும். பூசும்போது நுண்மணல் தூவினால் வழுக்கல் குறையும்.

கேட்பவர்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பீர்கள். எந்நேரத்தில் மாற்றல் உத்தரவு வருமோ என்ற நிலையில் பிறர் வீட்டுத் தளத்திற்குக் கல் பதிப்பது விவேகமன்று. உங்களுக்கு ஏற்றவை, துண்டு துண்டாகப் பூட்டிக் கழற்றத்தக்க பிளாஸ்டிக் தட்டுகள். ஊர் மாறும்போது மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அவற்றின் அடியில் நீர் தங்கும். அவ்வப்போது எடுத்து உலர்த்த வேண்டும். எண்ணெய் சொட்டும் பழைய வண்டியாயின் அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

சுருங்கச் சொன்னால், உறுதியான நிலத்தில் நல்ல கான்கிரீட்டோ சொரசொரப்பான உள்ளூர்க் கல்லோ போதும். அசையும் மண்ணில் கட்டிகள் நன்று. வாடகை வீட்டில் கழற்றத்தக்க தட்டுகள் போதுமானவை. பூச்சு, ஈரமில்லாத இடத்திற்கு மட்டுமே. எதைத் தேர்ந்தாலும் ஒரு குவளை நீரை அதன்மேல் ஊற்றி, செருப்பணிந்த காலால் மெல்ல அழுத்தித் தேய்த்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களின் சார்பில் நீங்கள் செய்யும் பரீட்சை அது.