கையெழுத்துக்கு அலைந்த கணக்கு

(வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



கடன் திருப்பிச் செலுத்துவதைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. அதை அடுத்த மாசம் பேசுறேன். இன்னைக்கு வேற ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க.

எங்க குழுவில் ஒரு அக்கா. 2017-ல் அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். விதவை உதவித்தொகை அப்போ மாசம் 1,000 ரூபாய். அதுக்கு மனு கொடுக்கப் போனாங்க. முதல் நாள், போட்டோ இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அடுத்த தடவை போனப்போ, ஐயா கேம்ப் போயிட்டார். மூணாவது தடவை, வேற சான்று கேட்டாங்க. நாலாவது தடவைதான், பெயர் சரியில்லைன்னு சொன்னாங்க. இறந்தவர் பெயரை நான் சொல்லலை. உதாரணத்துக்கு தங்கவேல்னு வச்சுக்குங்க. ரேஷன் கார்டுல தங்கவேல். இறப்புச் சான்றுல தங்கவேலு. ஒரு எழுத்து மாறிப்போச்சு. அந்த ஒரு எழுத்துக்காக மறுபடி மூணு நடை.

ஆக ஏழு நடை. களையெடுப்புக் கூலி அப்போ எங்க ஊர்ல 150 ரூபாய். ஏழு நாள் கூலி 1,050 போச்சு. பஸ், ஜெராக்ஸ், டீ எல்லாம் சேர்த்து 400-க்கு மேல. ஆயிரம் ரூபாய் வாங்குறதுக்கு முன்னாடியே ஆயிரத்து ஐநூறு ரூபாய் செலவு! அதுக்கு நம்ம குழுவிலதான் உள்கடன் வாங்கினாங்க.

காகிதம் கேட்பதைத் தப்புன்னு நான் சொல்லலை. கேட்காமல் கொடுத்தா, புருஷன் உயிரோட இருக்கிறவங்களும் வாங்கிடுவாங்க. அந்த ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கும் வேலை அதிகம்தான். ஆனா என்னென்ன வேணும்னு ஒரே தடவையில் சொல்லலாமே? அதைச் சொல்லாததுதான் ஏழையை அலைய வைக்குது.

எங்க பக்கமும் ஒரு தப்பு இருந்தது. நம்ம குழுவில் 20 ரூபாய் சந்தா கட்டினாலும் பாஸ் புத்தகத்தில் பதியாம விடமாட்டோம். தீர்மானம்னா எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்படிப்பட்ட நாம, அந்த ஆபீஸ்ல மனுவைக் கொடுத்துட்டு வெறுங்கையோட வந்துட்டோம். எட்டாவது நடையில் "உங்க மனு இங்கே இல்லையே"ன்னாங்க. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டாங்க.

அதுக்கப்புறம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற குறைதீர்க்கும் நாளில் புது மனு கொடுத்து, நம்பர் போட்ட ரசீது வாங்கினோம். ரெண்டு மாசம் ஆகியும் பதில் இல்லை. உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினோம். பெரிய விஷயம் ஒண்ணுமில்லை. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினோம். "இந்தத் தேதியில், இந்த எண்ணில் கொடுத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது? எத்தனை நாளாக இருக்கிறது?" இதுதான் கேள்வி. 30 நாளுக்குள் பதில் சொல்லணும்னு சட்டம். ரசீது நம்பர் இருந்ததால்தான் இதைக் கேட்க முடிஞ்சது. பதிலும் வந்தது, பின்னாலேயே உத்தரவும் வந்தது. விட்டுப்போன மாசத்துப் பணம் மட்டும் வரவே இல்லை.

2005-ல் வந்த இந்தச் சட்டத்துக்கு வேர் எங்கே இருக்கு தெரியுமா? ராஜஸ்தானில், நம்மைப் போல மண்ணு சுமந்த கூலிக்காரங்க கிட்டே. கூலி குறையுதேன்னு, மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டைக் காட்டச் சொன்னாங்க. ரகசியம்னு மறுத்தாங்க. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் சேர்ந்து, 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தாங்க. அதில் நிறையப் பேர் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இருந்தாங்க.

இன்னொண்ணு. வீட்டில் சாவு நடந்தா 21 நாளுக்குள் பதிவு பண்ணிடுங்க, அதுவரைக்கும் கட்டணம் கிடையாது. துக்கத்தில் நமக்கு ஓடாது. அதனால குழுவில் ஒருத்தர் கூடப் போங்க. எழுதும்போதே பெயரைப் பார்த்துச் சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் மூணையும் எடுத்துட்டு வாங்க. உங்க பெயர், வீட்டுக்காரர் பெயர் மூணுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு உட்கார்ந்து பார்ப்போம். என் கார்டுலயே இனிஷியல் மாறி இருக்கு, நேத்துதான் பார்த்தேன்.